உப்புக் காற்றில் ஒரு மாருதி

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள பொத்துவிலில் பழைய கார் பார்க்கப் போகிறவர் முதலில் எட்டிப் பார்ப்பது மீற்றரைத்தான். அந்த எண் உண்மையாகவே இருந்தாலும் இந்தக் கரையில் அதற்குப் பெறுமதி குறைவு. மலைநாட்டில் இரண்டு இலட்சம் கிலோமீற்றர் ஓடிய காரின் அடித்தட்டு கெட்டியாக இருக்கும். இங்கே கடலிலிருந்து நாலு வீடு தள்ளி, கொட்டிலுக்குள் பத்திரமாக நின்று, அறுபதாயிரம் மட்டும் ஓடிய காரின் அடித்தட்டில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் அது மறுபக்கம் வந்துவிடும். விற்பவர் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்பதில்லை. கிலோமீற்றர் கூடினால் எஞ்சின் தேயும், கியர் பெட்டி தேயும். தகடு எதைக் கணக்கு வைத்து அழிகிறது என்பதை அந்த மீற்றர் அறியாது.

உதாரணத்துக்கு மாருதி 800ஐ எடுத்துக்கொள்வோம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி முதல் காரின் சாவியைக் கையளித்து வைத்த இந்தக் கார், 2014 ஜனவரி வரை முப்பது வருடம் தயாரிக்கப்பட்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., எடை ஏறத்தாழ 650 கிலோ. மொத்தம் 25 இலட்சத்துக்கும் மேல் செய்து தள்ளியதால் அதன் உதிரிப்பாகங்களுக்கு ஒருநாளும் பஞ்சம் வந்ததில்லை. இலங்கையிலும் மாதச் சம்பளக்காரர்கள் பலருக்கு முதல் கார் இதுதான். இந்தக் கார்களையெல்லாம் பத்து வருடத்துக்கு முன்பே கழித்துக் கட்டியிருக்க வேண்டும். ஆனால் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரி 1 அன்றுதான். அதுவும் தலைக்கு மேல் வரியோடு. அந்த இடைவெளியில் மாருதியும் பழைய ஆல்டோவும் நிசான் மார்ச்சும் வாங்கிய விலையைவிடப் பல மடங்குக்கு விலைபோயின. கழிக்க வேண்டிய கார் ஆஸ்தியாகிப் போனது. ஆகவே இன்று இங்கே ஒரு பழைய சிறிய காரைத் திருத்துவது வீண் செலவா, எந்தத் திருத்தம் பணத்துக்குப் பெறுமதி என்ற கேள்வி பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அதற்குப் பதில் சொல்ல மெக்கானிக்கைவிட இரசாயனப் புத்தகம் ஓரளவு அதிகம் உதவும்.

துரு ஒரு மின்வேதித் தாக்கம். தகட்டின் ஓரிடத்தில் இரும்பு அணு இரண்டு இலத்திரன்களை விட்டுவிட்டு அயனாகிக் கரைகிறது. அந்த இலத்திரன்கள் உலோகத்தின் ஊடாகவே வேறோர் இடத்துக்கு ஓடி, அங்குள்ள ஒட்சிசனோடும் நீரோடும் சேர்ந்து ஐதரொட்சைட்டு அயன்களாகின்றன. சுற்று பூரணமாக இரண்டு இடங்களுக்கும் நடுவே மின் கடத்தும் ஈரம் வேண்டும். மழைநீர் மோசமான கடத்தி. உப்புநீர் நல்ல கடத்தி. அதற்கு மேல், குளோரைட்டு அயன் இரும்பின் மேல் படிந்திருக்கும் மெல்லிய பாதுகாப்புப் படலத்தையும் துளைத்துவிடுகிறது.

அலை உடையும்போது தெறிக்கும் குமிழிகள் நுண்துளிகளாகக் காற்றில் ஏறுகின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றர்களுக்குள் அவற்றில் பெரும்பகுதி படிந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் வாடைக் காற்று அவற்றை நேரே கரையேற்றும். கச்சான் வீசும் மாதங்களில் காற்று மலைப்பக்கமிருந்து சூடாக வந்தாலும், பின்னேரத்துக் கடற்காற்று தன் பங்கைச் செய்துவிடும். உல்லைக் கடற்கரையில் அலைச்சறுக்குக்கு வருபவர்கள் கொண்டாடும் அதே அலைதான் வாசலில் நிற்கும் காரின் மேல் உப்புத் தூவுகிறது.

இந்த உப்பு காயாது. சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைட்டு, சாரீரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். எங்கள் பக்கத்து இரவுகளில் அந்த அளவு சாதாரணம். கடல் உப்பில் மகனீசியம் குளோரைட்டும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். அதாவது கச்சான் வீசும் உச்சி வெயிலிலும் மட்காட்டின் உட்புறத்தில் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலம் ஒன்று இருந்துகொண்டே இருக்கும். மழையே பெய்யாத மாதத்திலும் கார் துருப்பிடிப்பதன் காரணம் இதுதான்.

கொட்டிலுக்குள் நின்ற கார் கெட்டுப்போனதற்கான விடையும் இங்கேயே இருக்கிறது. வெளியே நிற்கும் காரை மழை கழுவிவிடும். கூரைக்குக் கீழ் நிற்கும் காரில் படிந்த உப்பு படிந்தபடியே கூடும். கடலோரக் கட்டடங்களிலும் பாலங்களிலும் மழை படாத அடிப்பக்கங்கள் முதலில் அழிவதைப் பொறியியலாளர்கள் நெடுங்காலமாகவே குறித்து வந்திருக்கிறார்கள். காற்று உள்ளே வந்து வெளியே போக முடியாத கொட்டிலானால் ஈரம் வெளியேறவும் வழியில்லை. காரை நிழலில் நிறுத்துங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கிணற்றுக் குழாயை இழுத்து அடிப்பக்கத்துக்கு வாரம் ஒரு தடவையாவது நல்ல தண்ணீர் அடியுங்கள். பொனட்டையும் கதவையும் துடைத்துப் பளபளப்பாக்குவது பார்ப்பவர்களுக்காக.

1920களில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் யூ. ஆர். எவன்ஸ் என்ற இரசாயனவியலாளர் இரும்புத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை வைத்துப் பார்த்தார். துளியின் ஓரத்தில் ஒட்சிசன் தாராளமாகக் கிடைக்கிறது, நடுவில் குறைவு. ஒட்சிசன் அதிகமுள்ள ஓரம்தான் முதலில் அரிக்கும் என்று நினைக்கத் தோன்றும். நடந்தது மறுவளம்: ஒட்சிசன் குறைந்த நடுப்பகுதி கரைந்து குழி விழுந்தது, ஓரம் தப்பியது, துரு இரண்டுக்கும் இடையில் வளையமாகப் படிந்தது. இந்த ஒரு துளியை விளங்கிக்கொண்டால் காரில் எங்கே பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். சேறு அப்பியிருக்கும் மட்காட் மடிப்பு, இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டும் விளிம்பு, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, தரைவிரிப்புக்கு அடியில் நனைந்து கிடக்கும் பஞ்சு. காற்றுப் புகாத இவ்விடங்கள்தான் துளியின் நடுப்பகுதி. கார் திருத்தும் எங்கள் ஊர்ப் பாஸ் ஒருவர் கார் வாங்க வருபவரிடம் சொல்வது இவ்வளவுதான்: "காக்கா, எஞ்சினப் பத்திப் பிறகு பேசுவம். முதல்ல தரைவிரிப்பத் தூக்குங்க." எவன்ஸின் பெயரை அவர் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை, ஆனால் விஷயம் அதே விஷயம்.

எவ்வளவு வேகத்தில் அரிக்கும்? ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேசத் தரநிர்ணயம் காற்றின் அரிக்கும் தன்மையை வகுப்புகளாகப் பிரிக்கிறது. உப்புப் படியும் கடலோரம் பெரும்பாலும் சி5 வகுப்புக்குள் வரும். அங்கே மூடப்படாத சாதாரண உருக்கு முதல் வருடத்தில் 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை தேயும். சிறிய காரின் தகடு சுமார் முக்கால் மில்லிமீற்றர், அதாவது 750 மைக்ரோமீற்றர். பெயின்ற் போன இடத்தில் இரண்டு பக்கமும் தின்னத் தொடங்கினால் மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். முதல் வருடத்துக்குப் பிறகு வேகம் பொதுவாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் மடிப்புக்குள் அடைபட்ட உப்புச் சேற்றுக்கு அந்தச் சலுகை கிடைப்பதில்லை.

மாருதியில் தனியாக செசி கிடையாது. உடம்பே செசி. பழைய ஜீப்பில் தரைத் தகடு ஓட்டையானால் கால் நனையும், அவ்வளவுதான். மாருதியில் அதே ஓட்டை, காரின் சுமையைத் தாங்கும் உறுப்பில் விழுந்த ஓட்டை. முன்பக்க ஷொக் அப்சோபரின் தலை பூட்டப்படும் இடமும் பின் சஸ்பென்ஷன் உடம்போடு சேரும் இடமும் அழுகியிருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் நான் அந்தக் காருக்கு விலை பேச மாட்டேன்.

அழுகிய இடத்தை டிங்கரிங் பாஸ் வெட்டிவிட்டுப் புதுத் தகடு வைத்து ஒட்டுவார். வேலை முடிந்த நாளில் பார்க்க அழகாக இருக்கும். ஒரு மழைக்காலம் போனதும் ஒட்டின் ஓரத்தில் பெயின்ற் கொப்புளிக்கும். உடனே பாஸைத் திட்டுவோம். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி வெப்பம். காஸ் வெல்டிங் சுவாலை ஒட்டைச் சுற்றிக் கையகலத்துக்குத் தகட்டைச் சுடவைக்கிறது. அந்தப் பரப்பின் பின்பக்கத்திலிருந்த பழைய பெயின்றும் பாதுகாப்புப் பூச்சும் எரிந்துபோகின்றன. முன்பக்கத்துக்குப் புதுப் பெயின்ற் அடிக்கலாம். பெட்டி போன்ற பகுதியின் உட்புறத்துக்கு ஸ்ப்ரே எட்டாது. ஆக, திருத்தியதே புதிய துருவுக்கு வெற்றிடம் தயார்செய்து கொடுக்கிறது. சி.ஓ.2 வெல்டிங்கில் சூடு ஒரு கோட்டுக்குள் அடங்கும். கூலி கூடினாலும் அதைத்தான் கேட்க வேண்டும். வேலை முடிந்ததும் வடிகால் துளை வழியாக மெழுகு கலந்த துருத்தடுப்பானை உள்ளே செலுத்தச் சொல்ல வேண்டும். வடிகால் துளைகளைப் பட்டியால் அடைத்துவிடாமல் பார்ப்பதும் உங்கள் வேலை. பட்டி பூசி மறைத்த இடத்தைக் கண்டுபிடிக்கச் சின்னக் காந்தம் போதும். இரும்பில் ஒட்டும், பட்டியில் நழுவும்.

சில சேவிஸ் ஸ்டேஷன்களில் கழித்த எஞ்சின் ஒயிலை அடிப்பக்கத்துக்கு விசிறி விடுவார்கள். ஈரத்தைத் தள்ளிவைக்கும் படலமாக அது ஓரளவு வேலை செய்வது நிஜம். ஆனால் ரப்பர் புஷ்கள் ஒயிலை உறிஞ்சி ஊதிப் பிசுபிசுத்துப் போகும், மிச்சம் மழையோடு களப்பில் போய்ச் சேரும். கிறீஸ் போன்ற கட்டியான பூச்சுகள் கடையில் கிடைக்கும்போது இதற்குப் போக வேண்டியதில்லை.

தகட்டை விட்டு எஞ்சினுக்கு வருவோம். மாருதியின் எஞ்சின் எளிமையானது, திருத்துவதற்கு இலகுவானது, ஒரு விஷயத்தைத் தவிர: அது சூட்டைப் பொறுக்காது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். உருக்குப் போல்ற்றுகளால் இறுக்கப்பட்ட ஹெட் அளவுக்கு மீறிச் சூடேறினால் விரிய இடமில்லாமல் வளைகிறது, கஸ்கட் விட்டுவிடுகிறது, தண்ணீர் சிலிண்டருக்குள்ளோ ஒயிலுக்குள்ளோ போகிறது. பிறகு ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்துச் சமன் செய்து, புதுக் கஸ்கட் போட்டு, ஒயில் மாற்றி... அக்கரைப்பற்றுக்கோ கல்முனைக்கோ ஹெட்டைத் தூக்கிக்கொண்டு போய் வரும் செலவும் இதில் சேரும்.

இத்தனைக்கும் தொடக்கம் பல தடவை ரேடியேட்டர் மூடிதான். அந்த மூடி வெறும் மூடியல்ல, அமுக்க வால்வு. சுமார் 0.9 பார் மேலதிக அமுக்கத்தை அது பிடித்துவைத்தால் உள்ளிருக்கும் தண்ணீரின் கொதிநிலை 118 பாகைக்கு ஏறும். மூடியின் ரப்பர் வெடித்தோ சுருள்வில் தளர்ந்தோ போனால் கொதிநிலை மறுபடி 100. எஞ்சின் சாதாரணமாகவே 90 பாகையை ஒட்டி வேலை செய்கிறது. லகுகலையில் யானை வீதியைக் கடக்கும்வரை எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தால் போதும், அந்தப் பத்துப் பாகை இடைவெளி கரைந்துவிடும்.

இரண்டாவது, தண்ணீர். கடலோரக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் உவர். 2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரைக் கிணறுகளில் உப்பு ஏறியதும் அதை இறைத்துச் சீராக்கப் பட்ட பாடும் இந்தத் தலைமுறைக்கு மறக்காது. அந்தத் தண்ணீரை ரேடியேட்டருக்கு ஊற்றினால் இரண்டு கேடு: குளோரைட்டு உள்ளேயிருந்து அலுமினியத்தைத் தின்னும், கல்சியம் காபனேற்று சூடான சுவரில் படிந்து காறையாகும். அலுமினியத்தோடு ஒப்பிட்டால் அந்தக் காறை ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வெப்பத்தையே கடத்தும். கூலன்டும் காய்ச்சி வடித்த தண்ணீரும் சேர்ந்து ஆகும் செலவு ஹெட் வேலைக்கு ஆகும் செலவில் ஒரு சிறு துண்டு. "எங்கட சூட்டு நாட்டுக்குத் தேர்மோஸ்டாட் தேவையில்ல" என்று அதைக் கழற்றி எறியும் வழக்கமும் உண்டு. கழற்றினால் எஞ்சின் சூடேற நேரமெடுக்கும், பெற்றோல் கூடப் போகும், ஒயிலுக்குள் ஒடுங்கும் நீராவி வெளியேறாமல் தங்கும். கொதிப்பதற்கு வேறு காரணம் இருந்தால் அது அப்படியே இருக்கும்.

மின்சாரக் கோளாறுகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் வீண் காசு அதிகம் போகிறது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட்டர் முனகுகிறது. பெற்றரி போய்விட்டது என்று புதிதாக வாங்குகிறோம். பத்து நாளில் மறுபடி முனகல். பாஸ் வந்தார். ஜம்பர் வயரின் ஒரு முனையைப் பெற்றரியின் நெகட்டிவ்வில் கொளுவி, மறுமுனையை நேரே எஞ்சின் உடம்பில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, "இப்ப அடிங்க" என்றார். ஒரே அடியில் பிடித்தது. குற்றம் எர்த் வயரில். காரின் உடம்போடு அது பூட்டப்பட்ட இடத்தில் செம்பு பச்சைப் பூத்து, அதற்குக் கீழே தகடு துருவாகி இருந்தது. ஸ்டார்ட்டர் இழுப்பது நூறு அம்பியர் அளவில். அந்தத் துருவின் தடை வெறும் 0.02 ஓம் என்று வைத்தாலும் அதிலேயே 2 வோல்ற்று தொலைந்துவிடும். 12 வோல்ற்றுப் பெற்றரிக்கு அது பெரிய இழப்பு. சிறிய மின்குமிழ் எரிய ஒன்றிரண்டு அம்பியரே போதும் என்பதால் லைட் நன்றாக எரியும், அதுதான் ஆளை ஏமாற்றுவது. மணற்தாள் ஒரு துண்டு, புது வயர், மேலே கொஞ்சம் வசிலின். பெற்றரிக் காசு மிச்சம்.

ரப்பர் பாகங்கள் கிலோமீற்றரைவிட ஆண்டையும் சூட்டையும் கணக்கில் வைத்துக்கொள்கின்றன. வெப்பநிலை 10 பாகை கூடினால் மூப்பு ஏறத்தாழ இரட்டிப்பு வேகமாகும் என்பது பொதுவான கணிப்பு. முன்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சி.வி. ஜொயின்றை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்தால் கிறீஸ் வெளியேறும், மணல் உள்ளே போகும். கடற்கரை மணலின் பெரும்பகுதி குவாட்சு. அது கடினமாக்கிய பெயரிங் உருக்கையும் கீறக்கூடியது. பாணமைப் பக்க மணல் வழிகளில் ஓடும் காரில், வளைவில் திரும்பும்போது 'டக் டக்' என்ற சத்தம் கேட்கத் தொடங்கினால் பூட்டை மாற்றும் காலம் கடந்துவிட்டது. பூட்டின் விலை சொற்பம். ஜொயின்றின் விலை அதைப்போல் பல மடங்கு.

பிரேக் ஒயிலையும் யாரும் நினைப்பதில்லை. கிளைக்கோலை அடிப்படையாகக் கொண்ட திரவம் அது. காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். டொட் 3 வகைக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தது 205 பாகை, 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் 140 அளவுக்கு இறங்கலாம். பொத்துவில் தரையில் இதனால் ஒன்றும் தெரியாது. விடுமுறைக்குப் பிள்ளைகளோடு எல்லவுக்குப் போய்விட்டு வெல்லவாயவுக்கு இறங்கும்போது தெரியும். ஆட்களோடு 900 கிலோ எடை 800 மீற்றர் கீழே இறங்கினால் வெளிப்படும் சக்தி சுமார் 70 இலட்சம் யூல். இருபது லீற்றருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பம். கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அதில் பெரும்பகுதி பிரேக்குக்குள்தான் போகும். குழாய்க்குள் ஆவிக்குமிழ் உண்டானால் பெடல் தரைவரை இறங்கும்; ஆவி நசுங்கும், சக்கரம் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒரு போத்தல் புது ஒயில் போதும்.

பாகங்களின் விலை ஏன் ஏறியது என்பதற்கு இயந்திரத்தில் பதில் இல்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாவை ஒட்டி இருந்தது. மே மாதமளவில் 360. பின்னர் இறங்கி 300ஐ ஒட்டி நின்றது. வெளியே 50 டொலர் பெறுமதியான ஒரு பாகம் 10,000 ரூபாவிலிருந்து 18,000க்குப் போய் 15,000க்கு வந்திருக்கிறது என்று பொருள், அதுவும் கப்பல் கூலி, வரி, கடை இலாபம் சேர்வதற்கு முன். அதனால்தான் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் பாவித்த பாட்ஸ் தேடி ஆட்கள் அலைகிறார்கள். தெரிந்தவர் இருந்தால் வாங்கி பஸ்ஸில் போட்டு அனுப்புவார். ஹெட், கியர் பெட்டி, ஓல்டனேட்டர் போன்றவற்றைப் பாவித்ததாக வாங்குவதில் நியாயமுண்டு. ரப்பர், பிரேக், டைமிங் பெல்ட் ஆகிய மூன்றையும் பாவித்ததாக வாங்குவது வேறொருவரின் மிச்ச வயதைக் காசு கொடுத்து வாங்குவது.

கைக்கூலி வேறு கணக்கு. டொலர் ஏறிய வேகத்தில் பாஸின் கூலி ஏறவில்லை. எஞ்சின் வேலையில் செலவின் பெரும்பங்கு பாட்ஸ். டிங்கரிங் வேலையில் பெரும்பங்கு உழைப்பு. எனவே எங்கள் ஊரில் தகட்டு வேலையை ஒத்திப்போட்டு எஞ்சினுக்குச் செலவழிப்பது காசுக் கணக்கிலும் தலைகீழ். துரு ஒவ்வொரு மாதமும் பரப்பைக் கூட்டிக்கொண்டே போகும். தேய்ந்த பிஸ்டன் ரிங் புகையைக் கக்கிக்கொண்டு இன்னும் இரண்டு வருடம் இழுக்கும், புகைப் பரிசோதனையில் சிக்காத வரைக்கும்.

சஸ்பென்ஷன் பூட்டும் இடங்கள் போய்விட்ட காரை ஒட்டிக் கொடுக்கப் பாஸ்மார் சிலர் சம்மதிப்பார்கள். கேட்க வேண்டாம். அந்த நிலைக்கு வந்த மாருதியும் சும்மா போகாது: எஞ்சின் ஒருவருக்கு, கியர் பெட்டி ஒருவருக்கு, கண்ணாடியும் கதவும் சீற்றும் வேறொருவருக்கு. கடைசியில் நிறுத்துப் பார்த்து வாங்கும் பழைய இரும்புக்காரருக்கு மிஞ்சுவது உடம்பு மட்டும். அதன் எடையிலும் ஒரு பங்கை உப்பு முன்கூட்டியே எடுத்திருக்கும்.